செம்புக் கல்லும் முகவரிச் சீட்டும்

டாடாநகரில் வண்டியேறிக் கரக்பூர் சென்று, அங்கிருந்து சென்னை மெயிலைப் பிடித்து ஊருக்குச் செல்லும் வழக்கம் நம் காலனிக் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆசன்போனியைக் கடந்ததும் வலப்புறச் சன்னலின் வழியே ஒரு மலைத்தொடர் கூடவே ஓடிவரும். அடுத்த ஸ்டேஷனின் பெயர்ப்பலகையில் ‘ராக்கா மைன்ஸ்’ என்று எழுதியிருக்கும். அந்நேரம் நாம் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருப்போம்; அல்லது குழந்தைகளைச் சன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்று அதட்டிக்கொண்டிருப்போம். அது என்ன சுரங்கம், யார் தோண்டியது, எதைத் தோண்டியது என்று கேட்பார் இல்லை. ரயில்வேயில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக ஊழியம் செய்யும் நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு மண்ணியல் எங்ஙனம் தெரியும்? ஒரு தகரப் பெட்டி நம் வீட்டிற்கு வந்தபின்னரே அக்கேள்வி நமக்குப் பிறந்தது. அதன் விடையைத் தெரிந்த அளவில் சங்க அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

பெட்டி வந்த வரலாறு

நம் காலனியில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் மகனோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார். மொசாபோனிச் செம்புச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு வேலை மாற்றலாகிக் குடும்பம் தெற்கே புறப்பட்டபோது, பார்சல் புக் செய்ய நம்மை நாடி வந்தார். சாமான்களெல்லாம் ஏறிய பின்னர் ஒரு தகரப் பெட்டி மட்டும் எஞ்சியது.

“தம்பி, இது கல்லுப் பெட்டி. பேரன் பேத்திகள் விளையாடித் தொலைத்துவிடுவார்கள். உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். கல்லைத் தொலைத்தாலும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்” என்றார்.

அச்சொல்லின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. ‘ஆகட்டும் ஐயா’ என்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தபோது கரையான் பெட்டிக்குள் குடியேறியிருந்தது. கற்கள் நாற்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. கரையானுக்குக் கல் எதற்கு? காகிதத்தைத்தான் அது தின்றிருந்தது. பதினொரு சீட்டுகளே படிக்கும் நிலையில் எஞ்சின.

துன்பம் அத்துடன் முடியவில்லை. அழுக்கேறிக் கிடந்த கற்களை முற்றத்தில் பரப்பிவிட்டு நாம் அலுவலகம் சென்றோம். நம் அன்னையார், செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பைப்போலவே அவற்றின் மீதும் பச்சை படிந்திருப்பதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு நாலைந்து கற்களைப் புளியிட்டுத் தேய்த்து அலம்பி வைத்துவிட்டார். மாலையில் வந்து பார்த்தால் மயில் கழுத்துபோல் மின்னிய பச்சை போய், வெறும் பழுப்புக் கல்லாக அவை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அன்னையாரை நோவதில் பயனில்லை. அவர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பச்சை என்பது தேய்த்துப் போக்க வேண்டிய ஒன்று, அவ்வளவே.

பெரியவரிடமே கேட்டு எழுதிக்கொள்வோம் என்று கடிதம் விடுத்தோம். அவர் காலமாகி ஒரு மாதம் ஆயிற்று என்று மகனிடமிருந்து பதில் வந்தது. எஞ்சிய பதினொரு சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் கண்ட ஊர்களின் வரலாற்றை நாமே தேடலானோம். விடுமுறை நாட்களில் பாஸ் எடுத்துக் காட்ஷிலாவுக்கும் கல்கத்தா நூலகங்களுக்கும் அலைந்ததன் பயனே இனி வருவது.

மலையடியில் ஒரு செம்புப் பாதை

சிங்பூம் பகுதியில் நூறு கிலோமீட்டருக்கும் மேலாக வில்போல் வளைந்து செல்லும் ஒரு கற்பட்டையில் செம்பு பொதிந்துள்ளது. ராக்கா, ரோவாம், சுர்தா, கேந்தாடி, பாதர்கோரா, மொசாபோனி என்னும் ஊர்கள் அப்பட்டையின் மேல் கோத்த மணிகள் போன்றவை. இங்கே செம்பு கண்டவர் வெள்ளையர் என்று எண்ணுவது பிழை. அவர்கள் வந்து பார்த்தபோது, செம்பு தலைகாட்டிய இடங்களிலெல்லாம் முன்னரே எவரோ வெட்டிச் சென்ற குழிகள் இருந்தன. காட்டுக்குள் உருக்குக் கசடு மேடு மேடாகக் குவிந்து, அதன்மேல் மரங்கள் முளைத்திருந்தன.

அவ்வாறு வெட்டியவர் யார்? இந்திய மண்ணியல் ஆய்வுத்துறையில் 1864 முதல் பணியாற்றிய வாலன்டைன் பால் என்பவர் இக்காடுகளைக் காலால் நடந்து அளந்தவர். தம் அனுபவங்களை 1880-ல் நூலாக வெளியிட்டார். பழைய குழிகளைத் தோண்டியவர் ‘சராக்’ என்னும் மக்கள் என்று இப்பகுதியில் வழங்கிய செவிவழிச் செய்தியை அவர் ஏற்றுக்கொண்டார். சிராவகர் என்னும் சமண இல்லறத்தாரின் பெயரே சராக் எனத் திரிந்தது என்பர். இன்றும் புரூலியா, ராஞ்சிப் பக்கங்களில் சராக் மரபினர் வாழ்கின்றனர். ராக்கா மலைப்பகுதியில் ‘புரி-குஷான்’ எனப்படும் பழஞ்செப்புக் காசுகளும் கிடைத்துள்ளன. கி.பி. முதலாயிரம் ஆண்டுகளின் முற்பகுதியைச் சார்ந்தவை அவை. செம்பு விளைந்த மலையிலேயே செப்புக் காசு கிடைத்தது வியப்பன்று. எனினும் காசில் எவர் பெயர் இருந்தாலும், குழியில் இறங்கிக் கல் உடைத்தவன் பெயர் எங்கும் இல்லை.

கும்பெனியார் ஆட்சியில், கேப்டன் ஹாட்டன் என்னும் அதிகாரி சிங்பூமின் மண்ணமைப்பையும் கனிகளையும் பற்றி எழுதிய குறிப்பு, 1854-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வந்தது. எமில் ஸ்டோர் என்னும் ஜெர்மானிய வல்லுநரும் இச்சுரங்கங்களை ஆராய்ந்தார். 1857-ல் ஒரு கம்பெனி தோன்றி 1859-ல் மறைந்தது. 1862-ல் மற்றொன்று தோன்றி 1864-ல் மறைந்தது. குத்தகைச் சுமை, வரம்பு மீறிய செலவு என்று காரணங்கள் பல கூறுவர். ரயில்வேக்காரராகிய நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அந்நாளில் கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதை ராணிகஞ்ச் வரையில்தான் 1855-ல் சென்றிருந்தது. இம்மலையிலிருந்து செம்பு வெளியேறக் காட்டு வழியே மாட்டு வண்டிதான் கதி. பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பாதை இவ்வழியே சென்று 1900-ஐ ஒட்டி ஹவுராவோடு இணைந்த பின்னரே ராக்காவில் பெரும் வேலை தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் செம்பு வெட்டிப் பழகிய கேப் காப்பர் கம்பெனி அங்கே சுரங்கமும் உலையும் நிறுவியது. முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. சுரங்கம் நின்றும் ஸ்டேஷனின் பெயர் நிற்கவில்லை.

பின்னர் 1920-களில் மொசாபோனியில் இந்தியன் காப்பர் கார்ப்பொரேஷன் வேரூன்றியது. சுவர்ணரேகை ஆற்றுக்கு இப்புறம், காட்ஷிலாவை அடுத்த மௌபாண்டாரில் உலை எழுந்தது. ஆற்றின் மேல் கம்பிக்கயிற்றில் தொங்கிய தொட்டிகள் கல்லைச் சுமந்து வந்தன. 1972-ல் அரசு அதனை ஏற்று, 1967-ல் அமைந்த ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நம் பெரியவர் வெள்ளையர் கம்பெனியில் சேர்ந்து அரசு நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர். இருபதாம் நூற்றாண்டு முடிந்ததை ஒட்டிய ஆண்டுகளில் மொசாபோனியும் ராக்காவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுர்தா மூடுவதும் திறப்பதுமாக இருந்து வந்துள்ளது.

பச்சைக் கல் ஏன் அரிதாயிற்று?

பெட்டியிலிருந்த கற்களில் பெரும்பாலானவை மஞ்சள் நிறம். பித்தளை போன்று மின்னும் அதற்குச் சால்கோபைரைட் என்று பெயர். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் கூடியது; தூய நிலையில் நூற்றில் முப்பத்து நான்கு பங்குக்குச் சற்று மேல் செம்பு. மொசாபோனியின் ஆழத்தில் வெட்டப்பட்டது இதுவே. பச்சைக் கற்களோ ஒன்பதுதான். அவை மாலகைட் எனப்படும். நூற்றில் ஐம்பத்தேழு பங்கு செம்பு உடையவை. மஞ்சள் மிகுதியாகவும் பச்சை குறைவாகவும் இருப்பது ஏன்?

மலையின் மேற்பகுதியில் மழைநீரும் காற்றும் பாறை வெடிப்புகளில் இறங்குகின்றன. அவை மஞ்சள் கல்லைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. கந்தகம் பிரிந்து, செம்பு நீரில் கரைந்து, நீலநிற மயில்துத்தமாகிறது. அந்நீர் பாறைச் சந்துகளில் கசியும்போது கரியமில வாயுவோடு கூடிப் பச்சை மாலகைட்டாகவும், சில இடங்களில் நீல அசுரைட்டாகவும் படிகிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்று எட்டாது. ஆகையால் அங்கே மஞ்சள் கல் மாறாமல் கிடக்கும். மேலே பச்சை, கீழே மஞ்சள் என்பதே செம்பு மலையின் அமைப்பு.

பழங்காலத்து மனிதனுக்கு வழிகாட்டியது அப்பச்சை. கண்ணுக்குத் தெரிந்தது, உளிக்கு இளகியது, அடுப்புக்கரியோடு ஊதுலையில் இட்டால் எளிதில் செம்பைத் தந்தது. ஆகவே அவன் பச்சையைத் தேடித் தோண்டினான். நீர் ஊறிய ஆழத்தில் நின்றுவிட்டான். ஆயிரம் ஆண்டு கழித்து இயந்திரத்தோடு வந்தவர்களுக்கு அவன் தொடாத மஞ்சள் கல் கிடைத்தது. இன்று ராக்காவின் பழைய மேடுகளில் ஒருவர் கையகலப் பச்சைக் கல் ஒன்றைக் கண்டெடுத்தாரானால், அது அப்பெயரில்லாத மனிதன் வெட்டாமல் விட்ட மிச்சம். அல்லது வெட்டியும் கூடையில் அள்ளாமல் சிந்திய சிதறல். அரிய பொருள் என்பது அதன் நிறத்தால் மட்டும் அன்று.

நம் அன்னையாரின் கணக்கும் முற்றிலும் தவறன்று என்பதைப் பிறகு அறிந்தோம். ஈரக்காற்றில் கிடக்கும் செம்பின்மேல் படரும் பச்சைக் களிம்பும் மாலகைட்டும் பெரும்பாலும் ஒரே இனத்தவை. புளியின் அமிலம் இரண்டையும் கரைக்கும். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை கூறுவர். இடையில் வந்து ஒட்டியதன்று, உடன் பிறந்தது என்பது கருத்து. இம்மலையைப் பார்த்தபின் அவ்வுவமையின் பொருத்தம் நமக்கு நன்கு புலப்பட்டது. செம்பு இருக்குமிடத்தில் பச்சை இல்லாமலிராது.

சீட்டின் மதிப்பு

எஞ்சிய சீட்டுகளில் ஒன்று இவ்வாறு கூறுகிறது: ‘சுர்தா. பழைய குழியின் வாய், கிழக்குச் சுவர். மழை விட்ட மறுநாள். 1974.’ அச்சீட்டுக்குரிய கல் சுண்டைக்காய் அளவுப் பச்சைக் குமிழ்கள் ஒட்டிய ஒரு துண்டு. அழகில் அதைவிடச் சிறந்தவை பெட்டியில் மூன்றுண்டு. ஆனால் அம்மூன்றுக்கும் சீட்டில்லை. ராக்காவோ, கேந்தாடியோ, யாரேனும் ராஜஸ்தானத்துக் கேத்ரியிலிருந்து கொணர்ந்து கொடுத்ததோ, சொல்வார் இல்லை. காட்ஷிலாவில் நாம் சந்தித்த மண்ணியல் ஆசிரியர் ஒருவர் சுண்டைக்காய்க் கல்லைக் கையிலேந்திப் பத்து நிமிடம் பார்த்தார். மற்ற மூன்றையும், ‘அலமாரிக்கு அழகாக இருக்கும்’ என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

பார்சல் ஆபீசில் வேலை பார்த்த நமக்கு இதில் வியப்பேது? பட்டுப்புடவை இருந்தாலும் பழந்துணி இருந்தாலும், முகவரி கிழிந்த மூட்டை ஒரே மூலைக்குத்தான் போகும். அனுப்பியவரும் அறியார், பெறுபவரும் அறியார். நாள் கடந்தால் ஏலம்.

இவ்வகையில் முன்னோடியாக விளங்கிய ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் நாடு செம்புச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே பிலிப் ராஷ்லே என்னும் நிலக்கிழார் (1729–1811) வாழ்ந்தார். சுரங்கத்திலிருந்து வந்த அரிய கற்களைச் சேர்த்து, அவற்றைப் பட்டியலிட்டு, படங்களோடு 1797-லும் 1802-லும் நூல்களாக வெளியிட்டார். வீல் கார்லண்ட் என்னும் கார்ன்வால் சுரங்கம் லிரோகோனைட் என்னும் நீலச் செம்புக் கனிக்கு உலகப்புகழ் பெற்றது. அச்சுரங்கம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அத்தகைய கற்களை இனித் தோண்டி எடுக்க இயலாது. ஆயினும் ராஷ்லே சேர்த்த கற்கள் பல ட்ரூரோ நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் உள்ளன. சுரங்கம் போயிற்று, கல்லும் எழுத்தும் நின்றன. ராஷ்லே செல்வர், பாராளுமன்ற உறுப்பினர். நம் பெரியவரோ மாதச் சம்பளக்காரர். தேர்வுத்தாளின் பின்புறத்தையும் காலண்டர் தாளையும் கிழித்துச் சீட்டு எழுதியவர். ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்றே.

சேர்ப்பார்க்குச் சில சொற்கள்

இதனைப் படித்துவிட்டு நம் காலனி இளைஞர் ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு புறப்பட்டுவிடலாகாது. மூடிய சுரங்கத்துக்குள் காலெடுத்து வைப்பது உயிருக்கு ஆபத்து. மரமுட்டுகள் உளுத்திருக்கும், காற்று கெட்டிருக்கும். குத்தகை நிலத்தில் அனுமதியின்றிக் கல் பொறுக்குவது சட்டத்துக்கும் ஏற்றதன்று. பழைய உலைக்கசடும் குழியும் வரலாற்றுச் சான்றுகள். அவற்றைக் கலைத்தல் கூடாது. அனுமதி பெற்று, வெளியே கொட்டிய மேட்டில் கிடப்பதைப் பொறுக்குவதே முறை.

எடுத்த கல்லைப் புளி, எலுமிச்சை, அமிலம் எதனாலும் கழுவற்க. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். மயில்துத்தக் கல்லைத் தண்ணீரில் நனைத்தால் கரைந்துபோகும்; உலர்ந்த காற்றில் வைத்தால் வெளுத்துப் பொடியாகும். அது நஞ்சும் ஆகையால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடிய புட்டியில் வைக்க வேண்டும்.

யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. இச்செம்புப் பட்டையிலேயே யுரேனியமும் கலந்துள்ளது. ராக்காவை அடுத்த ஜாதுகோடா 1960-களின் இறுதியிலிருந்து யுரேனியச் சுரங்கமாக விளங்குவதை அனைவரும் அறிவர். செம்பும் யுரேனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த டார்பர்னைட் என்னும் கனி இங்கு காணப்படுகிறது. மரகதம்போன்ற பச்சைத் தகடுகள். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் கதிர்வீச்சு உடையது. ரேடான் என்னும் வாயுவையும் வெளியிடுவது. பெட்டியிலிருந்த ஒரு சிறு கல்லின் சீட்டில் பெரியவர் சிவப்பு மையில், ‘படுக்கை அறையில் வைக்காதே. கை கழுவு’ என்று மட்டும் எழுதியிருந்தார். கரையான் அதனை விட்டுவைத்தது நம் குடும்பத்தின் நல்வினை. நம் கட்டிலுக்கு அடியில் இரண்டு மழைக்காலம் கிடந்த பெட்டியன்றோ அது! அந்தக் கல்லை உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டோம். சீட்டு எதற்கு என்று இன்னும் கேட்பாருண்டேல், இதனினும் பெரிய விடை நம்மிடம் இல்லை.

ஒரு விண்ணப்பம்

முப்பத்திரண்டு கற்கள் முகவரியற்று நம் வீட்டில் உள்ளன. அவை மீண்டும் பேசப்போவதில்லை. அக்குற்றம் நம்முடையது, கரையான்மேல் பழி போட்டுத் தப்ப விரும்பவில்லை. பெரியவர் இருந்த நாளில், மாலைதோறும் காலனிப் பூங்காவில் அவருடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஊர்க்கதை பேசினோம். அவர் இறங்கிய சுரங்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

சீட்டுள்ள பத்துக் கற்களைச் சங்க நூலகத்துக்கு அளிக்க எண்ணியுள்ளோம். கண்ணாடிக் கதவுள்ள சிறு அலமாரி ஒன்று செயற்குழுவினர் மனம் வைத்தால் கிட்டும். சீட்டுகளைப் படியெடுத்து, மூலச் சீட்டைக் கல்லோடும், படியைப் பதிவேட்டிலும் வைப்போம். கரையான் ஒன்றைத் தின்றாலும் மற்றது நிற்கும்.

நம் காலனியில் சுரங்கத்திலும் உலையிலும் பணிமனையிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் பலர் உளர். அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். அதில் கல் இருக்கலாம், பழைய சுரங்க விளக்கு இருக்கலாம், ஒரு புகைப்படம் இருக்கலாம். இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகள் அப்பெட்டியை இறக்கித் தாத்தாவின் அருகில் அமர்ந்து, ‘இது எங்கே கிடைத்தது? எந்த வருஷம்? உடன் இருந்தவர் யார்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாக. பின்னர் கேட்டுக்கொள்ளலாம் என்று நாம் இருந்ததுபோல் அவர்களும் இருந்துவிட வேண்டா.

வளர்க சங்கம்! வாழ்க நம் முதியோர்!